மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போன பாட்டு

எங்க மணலூர்பேட்டையைத் தாண்டிப் போற தென்பெண்ணை, கடலூர் பக்கம்தான் கடலில் கலக்குது. அந்தக் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் 1869ல் ஒரு வழக்கு. சிதம்பரம் கோயிலில் கூட்டம் போட்டு என்னை அவதூறு பண்ணினாங்கன்னு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் புகார் குடுத்தார். புகாரில் தீட்சிதர்களோடு வள்ளலார் பேரும் இருந்தது.

தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்க்கிற சனம் இதைச் சொன்னா நம்பாது.

அப்படி என்ன செஞ்சார் வள்ளலார்? 1867 மே 23ல் வடலூரில் தருமசாலை அடுப்பைப் பத்த வெச்சார். சாதி, மதம் கேட்காம பசிச்சவங்களுக்குச் சோறு. அந்த அடுப்பு இன்னும் அணையல. இடம், ஊர்க்காரங்க குடுத்த ஏறத்தாழ 80 காணி. (ஒரு காணியை எழுதிக் குடுக்கிறதே லேசு இல்லைன்னு நிலம் வெச்சிருக்கிறவனுக்குத் தெரியும்.) சோத்துக்கு யாரும் சண்டைக்கு வரல. அதே வருஷம் அவர் பாட்டுகள் 'திருவருட்பா'ன்னு அச்சில் வந்துச்சு, 'திருமுறை'ன்னு பகுத்து. வம்பு அங்கே பிடிச்சது. தேவாரத்துக்கு உள்ள மரியாதை இதுக்கான்னு கேட்டு, நாவலர் தரப்பு அதை 'மருட்பா'ன்னது.

நாவலரை வில்லனாக்க எனக்கு மனசு வரல. சைவத்துக்காகவே 1848ல் வெஸ்லியன் பள்ளி வேலையை உதறினவர். தீட்சிதர்கள் ஆகமப்படி நடக்கலைன்னு அவங்க முகத்துக்கு நேரா சொன்னவர். அதனாலதான் தீட்சிதர்கள் எதிர்த்தரப்புக்குப் போனாங்க. மனசில் பட்டதைச் சொன்ன ரெண்டு பேரும் ஒரே கோர்ட்டு வாசலில் நின்னதுதான் நடந்தது.

எனக்கு அதைவிட உறுத்துறது வேற. கடைசிக் காலத்தில் வள்ளலார் சாதி, சமயம், சாத்திரம் எல்லாத்தையும் உதறிப் பாடினது ஆறாம் திருமுறை. முதல் நாலு திருமுறையை அச்சுக்குக் கொண்டுவந்த தொழுவூர் வேலாயுத முதலியார் அவரோட தலை மாணாக்கர். ஆனா அவர் இதை வெளியிடலை. எதிர்ப்புக்குப் பயந்துதான்னு நான் நினைக்கிறேன். 1874 ஜனவரி 30ல் மேட்டுக்குப்பம் அறைக்குள்ள போன வள்ளலார் அதை அச்சில் பார்க்கவே இல்லை. அது வந்தது 1885ல், வேற அன்பர்கள் முயற்சியில்.

சண்டை அதுக்கப்புறமும் ஓயல. அடுத்த தலைமுறையில் கதிரைவேற்பிள்ளை மருட்பான்னு மேடை ஏறினார். அருட்பாதான்னு எதிர்மேடை போட்டவங்களில் ஒருத்தர் செய்குத்தம்பிப் பாவலர், நாஞ்சில் நாட்டு முஸ்லிம்.