நட்சத்திரமும் தீப்பெட்டியும்

பொருள் அலையாகவும் துகளாகவும் இருக்கிறது என்ற குவாண்டம் சங்கதி நம் விமர்சனக் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. கவிதையின் இருண்மைக்கு அது சாட்சி. மாயாவாதத்துக்கும் அதுவே சாட்சி. எலெக்ட்ரானுக்குச் சரி, கோவில்பட்டியிலிருந்து லாரி ஏறும் தீப்பெட்டிக்கும் இது பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கணக்குப் போடவேண்டி வரும்.

வங்கிக் குமாஸ்தாவான எனக்குக் கணக்கில் கூச்சமில்லை. 1924இல் லூயி டி பிராய் தந்த சூத்திரம் எளியது. பிளாங்க் மாறிலியை உந்தத்தால் வகுத்தால் அலைநீளம். பத்து கிராம் தீப்பெட்டி வினாடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால், தசமப் புள்ளிக்குப் பின் 31 பூஜ்யங்கள் போட்டு 66 என்று எழுதவேண்டும்; அத்தனை மீட்டர். அணுக்கருவின் அகலத்தில் இது கோடி கோடியில் ஒரு பங்குகூட இல்லை. சூத்திரம் தீப்பெட்டியை விலக்கவில்லை. விளைவுதான் தென்பட வழியில்லை. போதாததற்கு, மோதும் காற்றும் பொருள் உமிழும் வெப்பமும் அலைகளின் ஒத்திசைவைக் கலைத்துவிடுகின்றன. வியன்னாவில் 1999இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறையும், 2019இல் சுமார் 2000 அணுக்கள் கொண்டதையும் வெற்றிடத்தில் வைத்துத்தான் அலையாகக் காட்ட முடிந்தது.

ஆனால் அலைத்தன்மை பெரிய பொருளை ஆள்வதற்கு, அந்தப் பொருளே அலையாகத் தோன்றவேண்டும் என்பதில்லை. இந்த உண்மையின் சரித்திரத்தில் சென்னைக்கும் பங்குண்டு.

1928இல் சென்னை வந்த சோமர்ஃபெல்டை பிரசிடென்ஸி கல்லூரி மாணவர் சந்திரசேகர் போய்ப் பார்த்தார். தாம் ஊன்றிப் படித்திருந்த நூலின் ஆசிரியரே, அந்தப் பௌதிகம் பழசாகிவிட்டது என்று சொல்லி, உலோக எலெக்ட்ரான்கள் பற்றிய தம் புதுக் கட்டுரையின் புரூஃபைக் கையில் கொடுத்தார். 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர் புதிய கணக்கை வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களுக்குப் போட்டுப் பார்த்தார்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரங்கள் இவை. சீரியஸின் துணை ஒன்று: நிறையில் சூரியன், உருவில் பூமி. அதை நசுங்காமல் தாங்குவது சூடல்ல. ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்கமுடியாது. இடுக்கில் அடைபட்ட அலை குறுகும், குறுகினால் உந்தம் ஏறும், உந்தம் அழுத்தமாகும். இதை 1926இலேயே ஃபௌலர் சொல்லிவிட்டார். சந்திரசேகர் சேர்த்தது சார்பியலை. நிறை ஏற ஏற எலெக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கும். ஒரு கட்டத்தில் அழுத்தம் பாரத்துக்கு ஈடுகொடுக்காது. இன்றைய கணக்கில் எல்லை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு.

1935 ஜனவரி 11இல், லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் இதைக் கேலிக்குரியதாக்கினார். ஒரு நட்சத்திரம் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஏதேனும் விதி இருக்கவேண்டும் என்றார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983இல் வந்தது.

எடிங்டன் கணக்கு போன இடத்துக்குப் போக மறுத்தார். நம்மவர்கள் கணக்கே இல்லாமல் எங்கும் போகிறார்கள். இரண்டும் ஒரே அலட்சியத்தின் இரு முகங்கள் என்றே எனக்குப் படுகிறது. தீப்பெட்டி அலையாகத் தெரியாது. ஆனால் அது நசுங்கி ஒன்றுமில்லாமல் போகாததற்கு, நட்சத்திரத்தைத் தாங்கும் அதே எலெக்ட்ரான் விதி அவசியம் என்று 1967இல் டைசனும் லெனார்டும் கணித ரீதியாக நிறுவினார்கள். உலகம் மாயை என்பதற்கு குவாண்டத்தைச் சாட்சிக்கு அழைக்கிறவர்களுக்கு அது சொல்லக்கூடிய பதில் இதுதான்: உலகம் கெட்டியாயிருப்பதே என்னால்தான்.