எடின்பரோ கோட்டையும் கிராஸ்மார்க்கெட்டும்: விக்டோரியா கால ஒளிப்படத்தை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

முன்னுரை

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், கோட்டைப் பாறையின் தெற்கு அடிவாரத்தில் அமைந்த பழைய சந்தைவெளி கிராஸ்மார்க்கெட் ஆகும். அங்கிருந்து கோட்டையை அண்ணாந்து நோக்கும் காட்சி, விக்டோரியா கால ஒளிப்படக் கலைஞர் பலரை ஈர்த்தது. அறுவை மருத்துவரான தாமஸ் கீத் (1827–1895) 1850களில் எடுத்த படங்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கன. இத்தகைய படங்கள் எவற்றுக்குச் சான்றாகும், எவற்றுக்கு ஆகா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்டை: படம் தரும் சான்று

கட்டடங்களைப் பொறுத்தவரை இப்படங்கள் நம்பகமானவை. நான்காம் ஜேம்ஸ் காலத்தில், 1511ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற பெருமண்டபம் இதற்குத் தக்க சான்று. 1650இல் கிராம்வெல்லின் படை கோட்டையைக் கைப்பற்றிய பின் அது படைவீரர் குடியிருப்பாயிற்று. பின்னர் படை மருத்துவமனையாகவும் பயன்பட்டது. 1887–1891இல் கட்டடக்கலைஞர் இப்போலிட் பிளாங்க் அதனைப் புதுப்பித்தார். எனவே மண்டபத்தின் தென்புறம் புதுப்பித்தலுக்கு முந்தைய தோற்றத்தில் காணப்படுமாயின், நாள் குறிக்கப்படாத படத்துக்கும் காலத்தின் மேல்எல்லையை வரையறுக்க இயலும். இன்று ‘இடைக்காலத் தோற்றம்’ எனக் கருதப்படுவதில் எவ்வளவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கம் என்பதையும் பழைய படங்களே உணர்த்துகின்றன.

சந்தை: படம் மறைக்கும் சான்று

சந்தையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. கீத் மெழுகு பூசிய காகித எதிர்மறையைப் பயன்படுத்தினார். அம்முறையில் ஒளிபடும் நேரம் நிமிடக் கணக்கில் நீளும். நிறுத்திவைத்த வண்டி பதியும். நடந்து செல்பவர் பதியார். மேலும், தொழில் நெருக்கடியின் காரணமாகவும் ஒளியின் தன்மை கருதியும் அவர் கோடைக்கால அதிகாலையிலும் பிற்பகலின் இறுதியிலுமே படமெடுத்தார். ஆகவே படத்தில் காணும் வெறுமை, வேதியியலும் கடிகாரமும் சேர்ந்து உண்டாக்கியது. அது சந்தையின் நலிவைக் காட்டுவதன்று.

பிற சான்றுகள் இதனை உறுதி செய்கின்றன. 1477இல் மூன்றாம் ஜேம்ஸின் பட்டயத்தால் உரிமை பெற்ற இச்சந்தை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. சுற்றியிருந்த பழைய நகரமோ மக்கள் நெரிசலால் திணறியது. 1861இல் ஹை ஸ்ட்ரீட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 35 பேர் மாண்டனர். நகர மருத்துவ அலுவலர் ஹென்றி லிட்டில்ஜான் 1865இல் வெளியிட்ட அறிக்கை அந்நெரிசலை விரிவாகப் பதிவு செய்தது. அம்மக்களுள் ஒருவரையும் காட்டாமலே அமைதியான பழம்பெருமை ஒன்றைப் படம் முன்வைக்கக்கூடும்.

முடிவுரை

அசையாத கோட்டை பதிந்தது. அசைந்த சந்தை அழிந்தது. அதிகாரத்தின் கல்லுக்குக் கிடைத்த நிலைபேறு உழைப்பவரின் நடமாட்டத்துக்குக் கிடைக்கவில்லை. இது கலைஞரின் உள்நோக்கத்தால் அன்றி, கருவியின் இயல்பால் நேர்ந்தது என்பதனாலேயே எளிதில் கவனத்துக்குத் தப்புகிறது. 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களில் எடுத்த படங்களிலும் காகித எதிர்மறை முறை கையாளப்பட்டது. அவற்றின் ஆளற்ற வீதிகளையும் கோயில் வெளிகளையும் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், படம் பதிவான முறையையும் நேரத்தையும் முதற்கண் வினவுதல் வேண்டும்.