துருப்பிடித்த ஹெரால்டும் பெருங்களத்தூர் ஆலையும்

மூணு வருஷம் முன்னாடி பழைய இரும்புக்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்த எங்க ஸ்டேண்டர்டு ஹெரால்டை (1965 மாடல், ரெண்டு கதவு) ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். கதவைத் திறந்து தரைத் தகட்டில் கட்டை விரலை வச்சு அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. "எடைக்குத்தான் சார் போகும்" என்றார். மொத்தமே 800 கிலோ வண்டி. அதில் துரு எத்தனை கிலோ, இரும்பு எத்தனை கிலோ என்பது அவருக்கே வெளிச்சம்.

அப்பா "குடுத்துடுடா, எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் அவரே தார்ப்பாயைத் தூக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் கை வச்சபடி நின்னுக்கிட்டிருக்கார். அன்னைக்கு முடிவு பண்ணினேன், எடைக்குப் போடப் போவதில்லை.

அந்த வண்டியை வீட்டிலேயே சரி பண்ண முடிந்ததற்குக் காரணம் என் திறமை இல்லை. 1950களில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரச் சண்டைதான் காரணம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோவென்ட்ரியில் இருந்த ஸ்டேண்டர்டு மோட்டார் கம்பெனி தன் சின்னக் கார்களுக்கான உடம்பை (பாடியை) ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியிடம் வாங்கிக்கொண்டிருந்தது. 1953ல் அந்தக் கம்பெனியையே போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த புதுக் காருக்கு யார் உடம்பு செய்து தருவார்கள்? முழு உடம்பையும் ஒரே கூடாக அழுத்திச் செய்ய பெரிய பிரஸ் வேண்டும், அது கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. அதனால் பழைய வழிக்கே திரும்பினார்கள். அடியில் தனியாக ஒரு சேஸிஸ். மேலே உடம்பைத் துண்டு துண்டாக, வேறு வேறு பட்டறைகளில் செய்து வாங்கி, போல்ட் போட்டு மாட்டிவிடுவது. உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் 'டிரையம்ப் ஹெரால்ட்' வெளிவந்தது. முன் மட்காடும் பானெட்டும் ஒரே துண்டு, மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்க தெருவில் ஒரே மடக்கில் வண்டியைத் திருப்புவது அப்பாவின் பெருமைகளில் ஒன்று :-)

துண்டு துண்டாக மாட்டும் வண்டியை பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவதும் சுலபம். 1940களின் கடைசியில் தொடங்கி ஸ்டேண்டர்டு வேன்கார்டு, ஸ்டேண்டர்டு டென் என்று கார்கள் செய்துவந்த நம்ம ஸ்டேண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961ல் ஹெரால்டை எடுத்துக்கொண்டது. ஆலை வண்டலூர் பக்கத்தில் பெருங்களத்தூரில். கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மதராஸில் ஹெரால்டு. லைசென்ஸ் காலத்தில் கார் வாங்குகிறவருக்கு இருந்த தேர்வு அவ்வளவுதான். எஞ்சின் கடைசி வரை அதே 948 சிசி. நம்ம ஊர் குடும்பங்களுக்கு ரெண்டு கதவு போதவில்லை என்று பிறகு நாலு கதவு வைத்தார்கள், இங்கிலாந்தில் அப்படி ஒரு ஹெரால்டே கிடையாது. இங்கிலாந்தில் 1971ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அது 'கெஸல்' என்ற பேரில் 1970களிலும் ஓடியது.

சரி, துருவுக்கு வருவோம்.

இரும்பு, தண்ணீர், காத்து. இந்த மூணும் சேர்ந்தால் துரு. கடற்கரை ஊரின் உப்புக் காத்து அந்த வேலையை வேகப்படுத்தும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளிக்கிறது, ரெண்டு தகடு சேரும் இடம் புடைக்கிறது. உடம்பை மின்சாரத் தொட்டியில் முக்கி இண்டு இடுக்கெல்லாம் பிரைமர் ஏற்றும் முறை கார் ஆலைகளுக்குள் வந்ததே 1960களில்தான். இன்றைய கார்கள் இவ்வளவு காலம் தாங்குவதற்குக் காரணமான எதிர்மின்வாய் முறை 1976க்குப் பிறகு. எங்க வண்டியில் பெட்டி மாதிரி மூடின இடங்களின் உள்ளே பெயிண்ட் பட்டதற்கு அடையாளமே இல்லை.

வெளியே பார்க்க சுமாராக இருந்த இடங்கள்தான் பெரிய மோசம். எப்போதோ ஒரு டிங்கர் ஓட்டையில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருந்தார். பட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறது.

முதலில் பேட்டரியைக் கழற்றினோம். அடுத்து டிக்கியில் இருக்கும் பெட்ரோல் டேங்க், அது இருக்கும்போது பக்கத்தில் வெல்டிங் நெருப்பு வரக்கூடாது. பிறகு ஒவ்வொரு துண்டாக. இங்கேதான் அந்த 1953 சண்டைக்கு நன்றி சொன்னேன். பானெட், கூரை, கதவுக்குக் கீழே வரும் பட்டை எல்லாமே போல்ட். உடம்பின் முன்பாதியும் பின்பாதியும் சேருவதுகூட போல்ட்தான். அம்பாசடரில் உடம்பேதான் சேஸிஸ். முட்டுக் கொடுக்காமல் கதவடிப் பட்டையை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து கதவே மூடாது. ஹெரால்டில் அந்தப் பட்டை எடையைத் தாங்குவதில்லை. தாங்குவது சேஸிஸும் அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும். அந்தக் கைகள்தான் முதலில் அரிக்கும்.

துருவின் எல்லையைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போகணும். நல்ல தகடு 'டிங்' என்னும், செத்த தகடு 'தொப்' என்னும். 'டிங்' கேட்கும் வரை வெட்டி எடுக்கணும். அட்டையில் அச்சு வெட்டி, அதே அளவுக்கு 20 கேஜ் தகடு நறுக்கி, இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டு என்று வெல்டிங். ஒரே இழுப்பில் ஓட்டினால் சூட்டில் தகடு அப்பளமாகிவிடும். ஒரு தடவை ஆக்கியும் பார்த்தேன்.

சின்னப் பாகங்களுக்கு மின்சார வைத்தியம். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், வாஷிங் சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸ் நம்ம பாகத்துக்கு, பிளஸ் ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. ராத்திரி முழுக்க விட்டால் காலையில் துரு கறுப்புச் சேறாக வழிந்துவிடும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் மட்டும் வேண்டாம், அதிலிருந்து விஷமான குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்யணும்.

பெரிய தப்பு ஒன்றும் பண்ணினேன். எல்லாம் சுத்தமாக்கி ரெட் ஆக்சைடு அடித்து, மேல் பெயிண்டை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழை வந்தது. பிரைமர் தனியாகத் தண்ணீரைத் தடுக்காது. மார்கழியில் பின் மட்காடு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். மறுபடி தேய்ப்பு. அப்பா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எமரி பேப்பரை எடுத்துக்கொண்டார். அவருக்கு அப்போ 78 வயசு.

அப்படித் தேய்க்கும்போதுதான் பார்த்தோம். மட்காடின் உள்பக்கம் வரிசையாகச் சுத்தியல் தடம். யாரோ கையால் தட்டிச் சரிபண்ணின தகடு. பெருங்களத்தூர் ஆளாகத்தான் இருக்கணும் என்று அப்பா அடித்துச் சொன்னார்.

அந்த ஆலை இன்றைக்கு இல்லை. 1985ல் ரோவர் உடம்பில் பழைய 2 லிட்டர் எஞ்சினை வைத்து 'ஸ்டேண்டர்டு 2000' கொண்டுவந்தார்கள். அது எடுபடவில்லை, 1988ல் உற்பத்தி நின்றது. இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகும்போது அந்த இடத்தில் உயரமான கட்டடங்கள்தான் தெரியும். இங்கே கார் செய்தார்கள் என்று இளைஞர்களிடம் சொன்னால் நம்புவதில்லை.

அந்த மட்காடைப் புதுத் தகட்டில் மாற்றிவிடலாம் என்று வெல்டர் சொன்னார். அதுதான் சுலபமும் கூட. நாங்கள் அழுகின அடிவிளிம்பை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டு, மீதியை அப்படியே வச்சுக்கிட்டோம். அந்தத் தடத்தின் மேல் பட்டி பார்க்கவில்லை. டிக்கியைத் திறந்து டார்ச் அடித்தால் இன்னைக்கும் தெரியும்.