தேக்கங்கன்றுக்கு அட்டை இல்லை

விதைச் சான்றுப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். நெல் மூட்டையைக் கண்டால் இன்றும் கை தானாக அட்டையைத் தேடும். ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்கு ஒன்று குறைந்தாலும் அந்தக் குவியலைத் தள்ளிவிடுவோம். அப்படிப்பட்டவன் 1993-ல் மாமனாரின் புன்செய்யில் வைக்க 200 தேக்கங்கன்று வாங்கினேன். விதை எந்த மரத்தில் எடுத்தது என்று நாற்றங்காலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அட்டை ஒண்ணும் இல்லையா மாப்பிள்ளை?" என்று மாமனார்தான் கேட்டார்.

"மரத்துக்கெல்லாம் கிடையாது மாமா" என்று சிரித்தேன்.

சொன்னது பொய்யில்லை. 1966-ஆம் வருடத்து விதைச் சட்டத்தில் ‘விதை’ என்றால் உணவுப் பயிர், எண்ணெய் வித்து, பழம், காய்கறி, பருத்தி, கால்நடைத் தீவனம். பிற்பாடு சணலைச் சேர்த்தார்கள். தேக்கும் சவுக்கும் அந்த வரையறைக்குள் வரவில்லை. அது பஞ்ச காலத்துச் சட்டம், சோற்றைத்தான் நினைத்தது. குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் ஐரோப்பாவில் இதற்குள் சூடு பட்டு முடித்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் வட்டாரத்தில் பைன் விதை பெரிய வியாபாரம். கூம்புகளைச் சூடேற்றி விதையைப் பிரித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். கூம்பு பறிக்கிறவன் நெட்டை மரத்தில் ஏறுவானா? கைக்கு எட்டுகிற குட்டை மரம்தான் அவனுக்கு வசதி. அந்த விதை ஸ்வீடன் வரை போயிற்று. அங்கே குளிர் தாங்காமல் மரங்கள் கோணி, நோய் கண்டு நின்றன. தெரிந்துகொள்ளவே பல பத்தாண்டுகள் ஆயின. ஸ்வீடன் முதலில் இறக்குமதி வரி போட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெளிநாட்டு விதைக்கு ஈயோசின் சாயம் ஏற்றிச் சிவப்பாக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மருந்து கலந்த விதைக்கு நாம் சாயம் போடுவோமே, அந்த மாதிரி. வாங்குகிறவன் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளட்டும் என்று. என் சர்வீஸில் இதைவிட எளிய அட்டையை நான் கண்டதில்லை.

ஜெர்மனியில் சட்டம் வந்தது 1934-ல். ஹிட்லர் காலத்துச் சட்டம் என்பதால் அதில் இன வெறி வாடை உண்டு. போருக்குப் பிறகு 1957-ல் புதிதாக எழுதினார்கள். 1999-ஆம் வருடத்து ஐரோப்பிய விதிப்படி வன மர விதைக்கும் நாற்றுக்கும் நான்கு தரம், நான்கு நிறம்: இடம் மட்டும் தெரிந்தால் மஞ்சள், தேர்ந்தெடுத்த தோப்பு என்றால் பச்சை, அடுத்து இளஞ்சிவப்பு, சோதித்து நிரூபித்ததற்கு நீலம். நம் நீலம்தான்!

தேக்கில் விஷயம் இன்னும் மோசம். தேக்கு முதலில் பூப்பது நுனிக்குருத்தில். பூத்ததும் அந்த நுனி நின்று, மரம் கவைத்துவிடும். சீக்கிரம் பூக்கிற மரம் தாழவே கவைக்கும். அந்தக் குணம் வாரிசுக்கும் போகும். காய் சீக்கிரம் கிடைப்பதும் அந்த மரத்தில்தான். பொறுக்குகிறவர் அங்கேதானே போவார்! நெல்லில் கலப்படம் என்றால் நூறு நாளில் வயல் சொல்லிவிடும். இங்கே சொல்ல இருபத்தைந்து வருடம்.

2004-ல் மாநிலங்களவைக்கு வந்த விதை மசோதாவில் வனவியலையும் சேர்த்திருந்தார்கள். நாற்றங்காலுக்குப் பதிவு உண்டு என்றும் இருந்தது. அது சட்டமாகவே இல்லை.

2019-ல் மர வியாபாரி வந்து தோட்டத்தைச் சுற்றினார். பாதிக்கு மேல் ஆள் உயரத்திலேயே கவை. "பலகை தேறாது சார், விறகு விலைக்குப் பார்க்கலாம்" என்றார். நல்லவேளை, மாமனார் அப்போது இல்லை.

போன மாதம் மைத்துனன் மகன் மறுபடி கன்று வாங்கக் கூப்பிட்டான். இந்த முறை கேட்டேன்: "விதை எந்த ஊர் மரத்துது தம்பி?" நாற்றங்கால் பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"வண்டியில வந்துச்சு சார்."