பத்து வெள்ளியும் கட்சித் தலைமையும்

அரசியற் கட்சிகளின் வரலாற்றை எழுதுவோர் கொள்கைகளை ஆராய்வர். தேர்தல் முடிவுகளைத் தொகுப்பர். தலைவர்களின் சொற்பொழிவுகளைப் பாராட்டுவர். கட்சியின் வரவுசெலவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு தலைவர் எவ்வாறு எழுந்தார், எவ்வாறு வீழ்ந்தார் என்னும் வினாவுக்குரிய விடை பல வேளைகளில் அப்புத்தகத்தினுள்தான் அடங்கிக் கிடக்கின்றது. மலேசியத் தமிழரின் அரசியலில் இதனைத் தெளிவாகக் காட்டுவது துன் வீ. தி. சம்பந்தனின் தலைமைக் காலமாகும்.

முதற்கண், பணம் கொடுத்தவர் யார் என்று பார்ப்போம். சிரம்பானை ஒட்டிய தெமியாங் வட்டாரத்திலும், அதற்கப்பால் பகாவ், ரொம்பின், தம்பின் என விரிந்து கிடந்த நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும், பால்மரம் வெட்டிய தொழிலாளிக்கு 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நாட்கூலி ஏறக்குறைய மூன்று வெள்ளி. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்தால் கிடைப்பது அது. சம்பள நாளன்று அப்பணத்தை எதிர்நோக்கிப் பலர் காத்திருப்பர். மளிகைக் கடைக்காரர் தம் பற்றுப் புத்தகத்தோடு நிற்பார். வட்டிக்குக் கொடுத்தவர் நிற்பார். மாரியம்மன் திருவிழாவுக்கு வரி தண்டுவோர் நிற்பர். கள்ளுக்கடை அழைக்காமலே அழைக்கும். இவர்களுக்கெல்லாம் கொடுத்தது போக எஞ்சியதிலிருந்தே தொழிற்சங்கச் சந்தாவும் கட்சிச் சந்தாவும் வந்தாக வேண்டும். இத்தகையவரிடம் பத்து வெள்ளி கேட்பது மூன்று நாள் உழைப்பைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

அரசியலின் பொருட்டு அவர்கள் முதன்முதலாகப் பெருமளவில் கொடுத்தது 1943 முதல் 1945 வரையிலான காலத்திலாகும். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றபின், செட்டியார்களும் வணிகர்களும் பெருந்தொகைகளை அளித்தனர். தோட்டத்துப் பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்தவற்றைக் கழற்றிக் கொடுத்தனர். போர் முடிந்தது. ஜப்பானியர் அச்சிட்ட நோட்டு ஒரே நாளில் வெறுங்காகிதமாயிற்று. கொடுத்தவர்க்குப் பெருமை எஞ்சியது. பொருள் எதுவும் எஞ்சவில்லை. ஆசாத் ஹிந்த் அரசில் இடம்பெற்றிருந்த ஜான் திவி, 1946ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மலாயா இந்தியர் காங்கிரசைத் தோற்றுவித்தபோது, தோட்ட மக்களின் பணப்பை இவ்வாறு வற்றியே கிடந்தது.

ஆயினும் இம்மக்கள் கொடுக்கத் தெரியாதவர்கள் அல்லர். சிரம்பானே அதற்குச் சான்று. போருக்குப் பின் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் அங்கே எழுந்தது. பி. பி. நாராயணன் என்னும் இளைஞர் அதில்தான் தொழிற்சங்கப் பயிற்சி பெற்றார். பல சங்கங்கள் ஒன்றுகூடி 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. அச்சங்கத்தைத் தாங்கி நிறுத்தியது செல்வர் எவருடைய கொடையுமன்று; மாதந்தோறும் சேர்ந்த சில்லறைச் சந்தாவே. அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வாயிலாகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் சேர அது துணையாயிற்று. பல்கலைக்கழக வாயிலைக்கூடக் கண்டிராதவர் பலர் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தனர் என்பதைத் தமிழாசிரியர்கள் மறக்கலாகாது.

அப்படியாயின் கட்சிக்கு மட்டும் ஏன் பணம் சேரவில்லை? தொழிற்சங்கம் கூலி உயர்வைக் காட்டியது. நிதிக்குழு நூலகத்தைக் காட்டியது. காங்கிரசு தொடக்கத்தில் எதனையும் காட்டவில்லை. அதன் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. ஜான் திவியை அடுத்துப் புத் சிங், இராமநாதன் செட்டியார், தேவாசர் எனத் தலைவர்கள் மாறினர். வழக்கறிஞரும் வணிகரும் நகரத்தில் கூடிப் பேசியவை தெமியாங்கின் லயத்துக்கு எட்டவில்லை. எட்டாத இடத்திலிருந்து சந்தா வருமா?

மற்றக் கட்சிகள் வேறு வழி கண்டன. 1949இல் தோன்றிய மலாயாச் சீனர் சங்கம், புதுக்கிராம மக்களின் நலனுக்கென்று லாட்டரி நடத்திப் பெரும் பொருள் ஈட்டியது. அச்சங்கம் அரசியற் கட்சியாக வளர்ந்துவிட்டதைக் கண்ட ஆங்கில அரசு 1953இல் அந்த லாட்டரிக்குத் தடை விதித்தது. ஆயினும் சீன வணிகரின் கொடை நிற்கவில்லை. 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் கூட்டணி செலவிட்ட பணத்தில் பெரும்பங்கு அவர்களுடையதே. அம்னோவில் துங்கு அப்துல் ரகுமான் தம் சொத்துகளை விற்றுக் கட்சிச் செலவைப் பார்த்ததாகக் கூறுவர். கூட்டணி அத்தேர்தலில் 52 இடங்களில் 51ஐக் கைப்பற்றியது. அவற்றுள் இந்தியர் காங்கிரசுக்குக் கிடைத்தவை 2. வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லாத காலம் அது. வாக்கும் குறைவு, பணமும் குறைவு. இவ்விரண்டும் இல்லாத கட்சி கூட்டணி மேசையில் எந்த முகத்தோடு பேசும்?

பணமின்றிக் கட்சித் தலைவர் தவிப்பது ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வம் கொழித்த அமெரிக்காவில் 1948ஆம் ஆண்டு ஜனாதிபதி ட்ரூமன் தேர்தற் பயணம் செய்த இரயில் வண்டி, மேலே செல்லப் பணமின்றி ஓக்லகோமாவில் திகைத்து நின்றது. அவ்வண்டியிலேயே சிலர் கூடி நன்கொடை திரட்டியபின் பயணம் தொடர்ந்தது. தட்டு ஒன்றுக்கு நூறு டாலர் என்று விருந்து நடத்திப் பொருள் சேர்ப்பது அங்கே கட்சிகளின் வழக்கமாயிற்று. 1952இல் துணை ஜனாதிபதிப் பதவிக்கு நின்ற நிக்சனுக்குக் கலிபோர்னியாச் செல்வர்கள் 18,235 டாலர் சேர்த்துக் கொடுத்தது வெளிப்பட்டபோது, அவர் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டுக்குக் கணக்குச் சொல்ல நேர்ந்தது. அங்கே செல்வர் தலைவருக்குக் கொடுத்தனர். அதனால் 'ஏன் கொடுத்தார்கள்?' என்னும் கேள்வி எழுந்தது. மலாயா இந்தியரிடையே நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. இங்கே தலைவரே கட்சிக்குக் கொடுத்தார். ஆதலால் கேள்வி கேட்பார் எவருமில்லை.

சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தந்தை வீராசாமி ரப்பர்த் தோட்டம் கண்டு செல்வரானவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய மகன் 1955இல் காங்கிரசின் தலைவரானார். கட்சி மேடையில் தமிழ் ஒலித்தது அவர் காலத்தில்தான். கிளைகள் நகரத்தை விட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தன. கோயில் மண்டபமும் தமிழ்ப் பள்ளியும் கட்சி கூடும் இடங்களாயின. இதற்கெல்லாம் ஆன செலவில் பெரும்பகுதியைத் தம் கையிலிருந்தே அவர் கொடுத்தார். தந்தை வழியில் வந்த நிலத்தில் பாதிக்கு மேல் இவ்வாறு விற்றுத் தீர்ந்ததென்பர். அரசியலால் நிலம் சேர்த்தவரைப் பற்றி நாம் நிரம்பக் கேட்டிருக்கின்றோம். நிலத்தை அரசியலில் கரைத்தவர் அரியர்.

இக்கொடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தலைவரின் பணப்பையே கட்சியின் பணப்பையாக இருக்குமாயின், உறுப்பினர் கொடுக்கும் பழக்கத்தைக் கற்பதில்லை. கிளைத் தலைவர் தம் கீழுள்ளவர்களின் சந்தாவைத் தாமே சேர்த்துக் கட்டிவிடுவார். தாம் உறுப்பினர் என்பதே அறியாத உறுப்பினர் பெயர் ஏட்டில் ஏறும். அந்த ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் மாநாட்டில் வாக்குகளை வைத்திருப்பவராவார். பெருந்தன்மையாகத் தொடங்கிய ஒன்று, பிறர் கையில் பேரமாக மாறுவதற்கு இவ்வாறு வழி திறந்துவிடுகின்றது.

இந்நிலையில்தான் தோட்டத் துண்டாடல் வந்தது. நாடு விடுதலை பெறும் காலத்தை ஒட்டி ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுக்கொண்டு புறப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். ஆயிரம் ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு சட்டம். பத்து ஏக்கர் துண்டுக்கு எந்தச் சட்டமும் எட்டாது. மருந்தகம் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று, லயத்து வீடும் போயிற்று. குடியுரிமை இல்லாதவர்க்குப் போக்கிடமும் இல்லை. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்த பேராசிரியர் உங்கு அஜீசின் அறிக்கை, இதன் கொடுமையை அரசின் முன் வைத்தது.

சட்டம் செய்து இதனைத் தடுக்கும் வலிமை கூட்டணியிலிருந்த சிறு கட்சிக்கு இல்லை. அமைச்சராக இருந்த சம்பந்தன் வேறொன்று செய்தார். விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கட்டும் என்று 1960ஆம் ஆண்டு மேத் திங்களில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்குத் தொகையைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. அமைச்சர் தோட்டந்தோறும் சென்றார். லயத்து முற்றத்தில் நின்று தமிழில் பேசினார். பத்து வெள்ளியா என்று மலைத்தவர் இருந்தனர். ஜப்பான் காலத்தில் கொடுத்ததை நினைத்தவரும் இருந்தனர். ஆயினும் இம்முறை கேட்டவர் காட்டக்கூடிய பொருள் ஒன்று இருந்தது, அது நிலம். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் 1961இல் சங்கத்தின் கைக்கு வந்தது. காலப்போக்கில் தோட்டங்கள் பதினெட்டு வரையிலும் உறுப்பினர் பல்லாயிரவராகவும் பெருகினர்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. திரட்டியவர் கட்சித் தலைவர். கொடுத்தவருள் பலர் கட்சியின் ஆதரவாளர். எனினும் பணம் கட்சியிடம் போகவில்லை. கூட்டுறவுச் சட்டப்படி சங்கத்தின் கணக்கு பதிவாளரின் பார்வைக்கு உட்பட்டது. உறுப்பினர்க்கு ஆளுக்கு ஒரு வாக்கு; ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் அதுவே. கட்சித் தேர்தலில் வெல்வதற்கு அப்பணம் பயன்படாது. இந்த வரப்பைச் சம்பந்தன் நன்கு உணர்ந்தே வகுத்தாரா, அன்றிக் கூட்டுறவு என்னும் வடிவம் தானே வகுத்ததா என்பது வேறு கேள்வி. வரப்பு நின்றது என்பதே வரலாற்றுக்கு வேண்டியது.

சங்கத்தால் ஆகாதவையும் பல. துண்டாடலை அது நிறுத்திவிடவில்லை. விலைக்கு வந்தவற்றுள் ஒரு சிறு பகுதியையே அதனால் வாங்க முடிந்தது. வாங்கிய தோட்டத்திலும் தொழிலாளி பங்காளியாயினானே அன்றி நிலப்பட்டாக் கொண்ட குடியானவன் ஆகவில்லை. மறுநாள் காலை அதே பெரட்டுக்கு, அதே மரத்தடிக்கு அவன் போகவேண்டியிருந்தது. நெகிரி செம்பிலானில் பத்து வெள்ளி கட்டியவன், கெடாத் தோட்டத்தின் உரிமையை ஏட்டில்தான் கண்டான். குறை கூறியோர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை.

கட்சிக்குள்ளேயும் முணுமுணுப்பு வளர்ந்தது. 1969ஆம் ஆண்டுக்குப் பின் இளந்தலைமுறையினர் வேறு தலைமையை நாடினர். துணைத் தலைவர் மாணிக்கவாசகத்தின் பின்னே அணி திரண்டனர். தம் நிலத்தையே விற்றுக் கட்சியை நடத்தியவர் என்பது அப்போட்டியில் சம்பந்தனுக்குக் கைகொடுக்கவில்லை. நன்றியை வாக்கெடுப்பில் எண்ணுவாரில்லை! பிரதமர் துன் அப்துல் ரசாக் தலையிட, 1973இல் அவர் தலைமையிலிருந்து விலகினார். கட்சி கைமாறியது, கூட்டுறவுச் சங்கம் மாறவில்லை. 1979ஆம் ஆண்டு மேத் திங்களில் மறையும்வரை அவர் அதன் தலைவராகவே இருந்தார். பின்னர்த் துணைவியார் உமாசுந்தரி அம்மையார் பல்லாண்டுகள் அப்பொறுப்பை வகித்தார். கட்சியின் கணக்கோடு சங்கத்தின் கணக்கும் கலந்திருந்தால், 1973இன் பூசலில் தொழிலாளரின் பத்து வெள்ளியும் பந்தயப் பொருளாகியிருக்கும்.

பின்னர்க் கட்சி தானே முதலீட்டுத் துறையில் இறங்கியது. அதன் முன்முயற்சியில் அமைந்த மைக்கா ஹோல்டிங்ஸ், 1984இல் ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 10 கோடியே 60 இலட்சம் வெள்ளியைத் திரட்டியது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியோரும் அவருள் இருந்தனர். இது கூட்டுறவன்று, நிறுமம். பங்குக்குத்தான் வாக்கு, ஆளுக்கு அன்று. அதன் நிருவாகம் பற்றிய சர்ச்சை ஆண்டுக்கணக்கில் கட்சி மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் நடந்தது. ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்கை 80 காசு வீதம் வாங்கிக்கொள்ள ஒரு தனியார் நிறுவனம் 2010இல் முன்வந்தபோது, பங்கெடுத்த தோட்டத் தொழிலாளர் பலர் உயிரோடு இல்லை. அவர்தம் பிள்ளைகள் பழைய பங்குப் பத்திரங்களைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தனர்.