கிராமபோன் கேட்ட காதுகள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

ரயில் பாதை பதுளை வரை வந்து முடிந்தது 1924இல். அடுத்த வருடமே ஒலியுலகில் இரண்டு மாற்றங்கள். அதுவரை பாடகர் ஒரு பெரிய குழாய்க்கு முன்னால் நின்று கத்திப் பாடித்தான் இசைத்தட்டு பதிவாகும். 1925இல் மைக் வைத்துப் பதியும் முறை வந்தது. அதே வருடம் டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் வானொலி ஆரம்பமானது.

லயன்களில் மின்சாரம் இல்லாத காலம் அது. ஆனால் கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை. சாவியை முறுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தட்டைச் சுழற்றும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் பாடும். பிறகு தட்டைத் திருப்பிப்போட வேண்டும், ஊசியை மாற்ற வேண்டும். தட்டு செய்தது அரக்கில். கைதவறி விழுந்தால் ஓடு மாதிரி உடைந்துவிடும். வசதி உள்ளவர் வீட்டில்தான் பெட்டி இருக்கும். ஆனால் பாட்டு பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கும்.

எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் பெயர்களை நம் மூத்தவர்கள் அறிவார்கள். இருவரும் 1920களில் இலங்கைக்கு வந்து நாடகமாடியவர்கள். கிட்டப்பா 1933இல், 30 வயதைக்கூட எட்டாமல் இறந்துபோனார். இன்றும் அவர் குரல் இருக்கிறது என்றால் அந்த அரக்குத் தட்டுகளால்தான்.

பிறகு இலங்கை வானொலியின் காலம். 1949இல் 'ரேடியோ சிலோன்' என்று பெயர் பெற்றது. 1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடை போட்டதும், இந்தியாவே கொழும்புப் பக்கம் காதைத் திருப்பியது. எஸ்.பி. மயில்வாகனம், பின்னாளில் பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரல்கள் தோட்டத்திலும் டவுனிலும் வீட்டு ஆட்களின் குரல் மாதிரி ஆகிவிட்டன. நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாட்டு முஸ்லிம் வீட்டில் மட்டுமா கேட்டது? அந்தக் குரலுக்கு மதச் சுவர் இருக்கவில்லை.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று எழுதினார்கள். சொந்தங்கள் பிரிந்தன. ஆனால் கடலுக்கு இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் அதே வானொலியைத்தான் கேட்டார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் கெசட்டும் ஸ்டீரியோ செட்டும் பரவின. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் பெரிய செட்டுகளோடு திரும்பினார்கள். இசைத்தட்டுகள் அலுமாரிக்கு மேலே ஏறின.

1964இல் 15 வயதாக இருந்தவர்களுக்கு இன்று 75 தாண்டிவிட்டது. நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

வயது போகும்போது காது எல்லா ஓசையையும் ஒரே அளவில் இழப்பதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஓசைகள்தான் முதலில் போகும். உள்காதில் உள்ள நுண்ணிய மயிர்க் கலங்கள் தேய்ந்தால் திரும்ப முளைக்காது. ஆ, ஓ போன்ற உயிரோசைகள் கேட்கும். ச, ஸ, ஃப போன்றவை நழுவும். அதனால்தான் மூத்தவர்கள் "நீ பேசுறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் விளங்கல்ல" என்கிறார்கள். அது பிடிவாதமில்லை, கவனக்குறைவும் இல்லை.

தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர்களுக்கு வயதோடு இன்னொன்றும் சேர்கிறது. ரோலரும் காற்றாடியும் ஓடும் இடத்தில், கையெட்டும் தூரத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் 85 டெசிபலைத் தொட்டிருக்கும். நாளுக்கு 8 மணி நேரம், வருடக்கணக்காகக் கேட்டால் காது கெடும். அந்தத் தேயிலையின் விலையில் ஒரு பங்கைக் காதுகளும் கொடுத்திருக்கின்றன.

இனி ஒரு நல்ல செய்தி. மனிதக் காதின் எல்லை 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை. பழைய 78 தட்டுகள் அதில் மேல்பாதியைத் தொடவே இல்லை. அவற்றின் இசை பெரும்பாலும் ஐயாயிரம், ஆறாயிரத்துக்குள் முடிந்துவிடும். அதாவது, வயதான காது முதலில் இழக்கும் ஓசைகள் அந்தத் தட்டில் முதலிலிருந்தே இல்லை! தட்டின் 'இஸ்ஸ்' என்ற இரைச்சல்கூட இளையவர்களைவிட அவர்களுக்குக் குறைவாகத்தான் கேட்கும். புதிய செட்டில் நமக்கு இனிக்கும் நுணுக்கங்கள் அவர்களுக்கு எட்டாமல் போகலாம். கிட்டப்பாவின் குரல் எட்டும்.

இன்னொரு வரலாறு சொல்கிறேன். 1877இல் ஒலியைப் பதிந்து திரும்பப் பேச வைத்த தோமஸ் எடிசனுக்குச் சிறுவயதிலிருந்தே காது மந்தம். சரியாகக் கேட்பதற்காகப் பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்து, எலும்பு வழியாக அதிர்வை உணர்ந்தார். உலகின் முதல் பாட்டுப்பெட்டியைச் செய்தவரே காது சரியாகக் கேட்காத மனிதர். ஆகவே காது தளர்ந்தவர்களுக்கு இசை முடிந்துவிட்டது என்று நாம் முடிவு செய்யக் கூடாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

செட்டின் சத்தத்தை மட்டும் கூட்டாதீர்கள். தளர்ந்த காதுக்கு மெல்லிய ஓசை கேட்காது, பெரிய ஓசை வலிக்கும். செட்டை அவர்கள் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். டீவியை நிறுத்துங்கள். அவர்கள் இளமையில் கேட்ட பாட்டைப் போடுங்கள். காது விட்ட இடத்தை ஞாபகம் நிரப்பும். பேசும்போது முகத்தைப் பார்த்து, கத்தாமல், நிதானமாகப் பேசுங்கள்.

பெரியாஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். காதில் குரும்பி அடைத்திருந்தால் எடுத்தாலே பாதி சரியாகிவிடும். காதுக்கருவி தேவைப்பட்டால் அது வெட்கமில்லை. நாம் கண்ணாடி போடுவது மாதிரித்தான்.

காது கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சையும் குறைத்துக்கொள்வார். பிறகு திண்ணையில் தனியாக உட்கார்ந்துவிடுவார். அவரோடு அவர் அறிந்த ஊவாவின் கதையும் மௌனமாகிவிடும்.

உங்கள் வீட்டில் பழைய இசைத்தட்டு, கிராமபோன், வால்வு ரேடியோ ஏதாவது இருக்கிறதா? படம் எடுத்துப் போடுங்கள். அதை வாங்கிய கதையை மூத்தவர்களிடமே கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.