பூட்டுத் தொழிலாளரின் சட்டக் கடமைகள்

பூட்டைப் பழுதுபார்ப்பது, மாற்றுச் சாவி செய்வது, சாவி தொலைந்த கதவையும் பீரோவையும் திறந்து தருவது ஆகியவை பூட்டுத் தொழிலாளரின் வேலைகள். இந்தியாவில் இத்தொழிலுக்கென நாடு முழுமைக்குமான உரிமச் சட்டம் இல்லை. ஒரு பெட்டி வெற்றுச் சாவியும் நாலைந்து அரமும் இருந்தால் பேருந்து நிலைய வாசலில் கடை போட்டுவிடலாம். தொழிலைத் தொடங்குவதற்குத்தான் கட்டுப்பாடு இல்லை. பூட்டில் கை வைக்கும்போது பல சட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. யாருக்காகத் திறக்கிறோம் என்பதே இங்கே முதல் கேள்வி.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆம் பிரிவு, வீட்டை உடைத்தல் என்ற குற்றத்தை ஆறு வழிகளில் விளக்குகிறது. அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பது அவற்றில் ஒன்று. எதையும் உடைத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் தொலைத்த சாவி கையில் கிடைத்து, அதைக் கொண்டு அத்துமீறி உள்ளே போனாலும் இதே குற்றம்தான். கதவின் துளை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினாலும் அப்படியே. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலிருந்த இந்த எடுத்துக்காட்டுகள் இன்றும் பொருந்தும். நோக்கம் தெரிந்தே கள்ளச்சாவி செய்து கொடுத்தவர் குற்ற உடந்தைக்கு ஆளாவார். 334ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: நம்பி ஒப்படைத்த பூட்டிய பெட்டியை, திறக்க அதிகாரமின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு திறந்தால் 3 ஆண்டு வரை சிறை.

பீரோவுக்குச் சாவி செய்பவர் வெற்றுச் சாவியைத் துளையில் விட்டு அழுத்தித் திருப்புகிறார். உள்ளே இருக்கும் லிவர்கள் உலோகத்தில் மெல்லிய கீறல்களைப் பதிக்கின்றன. கீறல் விழுந்த இடத்தை அரத்தால் ராவி, மறுபடி விட்டுப் பார்த்து, மறுபடி ராவுகிறார். பூட்டு அவர் கண்ணெதிரே இருந்தால்தான் இது நடக்கும். கேட்பவர் யார், வீடு எது என்று விசாரிக்கவும் அப்போது வழியுண்டு. சோப்பிலோ மெழுகிலோ எடுத்த அச்சு மட்டும் கடைக்கு வரும்போது அந்த வாய்ப்பு இல்லை. சாவியின் கைப்பேசிப் படமும் அதே வகைதான். மூலச் சாவி எங்கே என்று கேட்பதும், மனநிறைவான பதில் இல்லையென்றால் வேலையை மறுப்பதும் தொழிலாளரின் கடமை. கார், பைக் என்றால் ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வண்டியில் கை வைக்க வேண்டும்.

திருடனைவிட வீட்டு உரிமையாளரே தொழிலாளரைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும். வாடகை பாக்கி, குடியிருப்பவர் வெளியூரில். பத்திரத்தைக் காட்டி, “என் வீடு, பூட்டை மாற்றிக் கொடு” என்கிறார் உரிமையாளர். பத்திரம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது போதாது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து அனுபோகத்தை மீட்கலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆகவே குடியிருப்பவரின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. பிரிந்து வாழும் கணவன், மனைவியரில் ஒருவர் மட்டும் அழைக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

நீதிமன்ற உத்தரவு இருந்தால் நிலைமை வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 35, உரிய எச்சரிக்கை தந்தபின் பூட்டை அகற்றவும் கதவை உடைக்கவும் நீதிமன்ற அலுவலருக்கு இடம் தருகிறது. அந்த அலுவலரான அமீனாவுடன் செல்லும் தொழிலாளர் உத்தரவில் சொன்ன கதவைத் தவிர வேறெதையும் திறக்கக்கூடாது. வாடிக்கையாளர் இல்லாத நிலையில் வங்கி லாக்கரைத் திறக்க நேர்ந்தால், அதிகாரியும் சார்பற்ற சாட்சிகள் இருவரும் உடனிருக்க வேண்டும், வீடியோ பதிவு வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறை. பூரி ஜகந்நாதர் கோயிலின் கருவூலமான ரத்ன பண்டார் 2024 ஜூலை 14 அன்று திறக்கப்பட்டபோது, உள்ளறைப் பூட்டுகள் இருந்த சாவிகளுக்கு மசியவில்லை. மாஜிஸ்திரேட் முன்னிலையில் அவற்றை உடைத்து, பிறகு புதுப் பூட்டுப் போட்டு முத்திரையிட்டார்கள்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உரிமம் இல்லாமல் இத்தொழிலைச் செய்ய முடியாது. வீட்டைத் திறக்கச் சொன்னவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த நாள், அடையாள அட்டை எண், கையொப்பம் அனைத்தையும் பணிச்சீட்டில் எழுதி 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். காவலர் கேட்டால் காட்ட வேண்டும். நம்மூரில் இப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள்வது கடைக்காரரின் விருப்பத்தைப் பொறுத்தே இருக்கிறது. பின்னாளில் வழக்கு வந்தால், நோக்கம் தெரியாமல் நேர்மையாக வேலை செய்தேன் என்று காட்ட அவருக்கு இருக்கும் வலுவான சான்று அந்த நோட்டுதான். அதைக் கட்டாயமாக்கும் எளிய விதியொன்றை மாநில அரசுகள் கொண்டுவர வேண்டும்.